ஒட்டுத் துணி இல்லாத முதுகு

அடையாற்றில் நான் குமாஸ்தாவாக இருந்த கிளப்பில், புல் வெட்டும் ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. ஒல்லியான உடம்பு. குந்தி வேலை செய்யும்போதும் அடிக்கடி திரும்பி வாசலைப் பார்ப்பார். எமர்ஜென்சி காலம் அது.

ஆட்களுக்குச் சட்டைத் துணி எடுக்க அவரை தி.நகர் கடைக்கு அழைத்துப் போனேன். சிவப்பைக் காட்டினேன். "யூனியன்னுவாங்க சார்." காக்கியைத் தொடவே இல்லை. நானே பச்சையை வெட்டச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அல்லாருக்கும் ஒரே கலரா சார்? குனிஞ்சிகினா எல்லாம் ஒரே முதுகு. ஒருத்தன் மேல புகார் வந்தா, போலீஸ் எவனை இட்டுகினு போவும்?"

புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த அன்று பார்த்தேன். ஒவ்வொருவர் முதுகிலும் வெவ்வேறு நிறத்தில் சின்ன ஒட்டுத் துணி தைத்திருந்தது. அவர் முதுகில் மட்டும் இல்லை.

"உங்களுக்கு எங்கே?" என்று கேட்டேன்.

"எவன்னு தெரியாங்காட்டி என்னை இட்டுகினு போவட்டும் சார்."

அப்போது வாசலில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது. அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், ஆட்களுக்கு முன்னால் ஒட்டில்லாத முதுகை வாசலுக்குக் காட்டிக் குந்திக்கொண்டார். அவ்வளவு பயந்த மனிதரால் அது எப்படி முடிந்ததோ, எனக்கு இன்றும் தெரியவில்லை.