பட்டப்பகலில் இரண்டு காட்டேரிகள்

படம் பிடிப்பது சுலபம். ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது பிடிப்பதுதான் தொழில். கேமராவைத் தூக்கிக் கஷ்டப்பட்டவர்களிடம் இதைச் சொல்லி அழுவதில் எனக்கு வெட்கமில்லை. எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். சிங்கப்பூர் அத்தான் லீவில் கொண்டுவந்த குட்டி சினிமா கேமராவைப் பார்த்ததும் புத்தி கெட்டது. கதை இதுதான்: புதிதாக ரத்தக் காட்டேரி ஆகிவிட்ட இரண்டு பேர் கடிக்கத் தெரியாமல் தவிக்கிறார்கள். ஆனி முடிந்தால் கேமரா அத்தானோடு கப்பலேறிவிடும். அதற்குள் முடிக்காவிட்டால் ஆயுசுக்கும் பாஸ்போர்ட் படம்தான்.

ராத்திரிக் காட்சி

கதை முழுக்க ராத்திரி; லைட்டுக்கு வழியில்லை. பகலில் எடுத்து, லென்ஸின் கண்ணைச் சுருக்கினால் ராத்திரி மாதிரி விழும் என்று எங்கோ படித்திருந்தேன். திருச்சுழிப் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள், உச்சி வெயிலில், இரண்டு காட்டேரிகளும் கறுப்புப் போர்வைக்குள் வேர்த்துக்கொண்டு நடந்தன. “இது நடுராத்திரி, குறுக்க வராதீங்க” என்று ஆடு மேய்த்தவரைக் கெஞ்சினேன்.

அவர் கருவேல மரத்தடியைக் காட்டினார். “நான் நம்பிக்கிடுதேன். நெழலுக்கு ஒதுங்கி நிக்கிற ஆட்டுக்கு யாரு சொல்றது?”

ரத்தம்

வெல்லப்பாகில் குங்குமம் கரைத்தோம், ஈ மொய்த்தது. வெற்றிலைக்கு மாறினோம். கதாநாயகன் மளிகைக்கடை சண்முகம், பூசணி விதைப் பல்லும் சிவந்த வாயுமாகப் பந்தல்குடி டீக்கடைக்குள் பாய்ந்தான். கூட்டம் அலறி ஓடுவதாகக் காட்சி. ஒருவரும் பெஞ்சை விட்டு எழவில்லை.

டீக்கடைக்காரர் மட்டும் பரிதாபப்பட்டார்: “சுண்ணாம்பு கூடிருச்சாண்ணே? கொஞ்சம் சீனியப் போட்டு வாய ஒதுக்குங்க.”

கழுத்து

இலவசமாகக் கடிபட ஒப்புக்கொண்டவர் பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருவர்தான். சட்டைக் காலரைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு நிபந்தனை போட்டார்.

“எம்புட்டு வேணா கடிங்க. எச்சி மட்டும் படக்கூடாது.”

மாப்பிள்ளை

சண்முகத்துக்கு நிச்சயமாகியிருந்த பெண் பந்தல்குடி. டீக்கடையில் பாய்ந்த செய்தி, மாப்பிள்ளையைக் காட்டேரி பிடித்துவிட்டது என்று பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தை இன்றோடு நிறுத்து என்று சண்முகத்தின் அப்பா மளிகைக்கடையிலேயே கத்தினார். பாதிப் படம் பாக்கி.

மறுநாள் பெண்ணின் தாய்மாமன் நேரில் பார்த்துவிட பஸ் ஏறி வந்துவிட்டார். கண்மாய்க்குள் அவரை உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். சண்முகம் தையல்காரரைக் கடித்துக் காட்டியதையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ரத்தம் குடிக்கிறது இருக்கட்டும் தம்பி. வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையில?”

இல்லை என்றேன். கல்யாணமும் நிலைத்தது, படமும் முடிந்தது.

வெளியீடு

ஆவணியில் கல்யாணம். அன்று சாயங்காலம், மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகை புரொஜக்டரில் படத்தைப் போட்டேன். மெஷின் ஓடியது, வேட்டியில் ஒரே கும்மிருட்டு. நான் லென்ஸைச் சுருக்கிய சுருக்கில் கண்மாயுமில்லை, காட்டேரியுமில்லை. “லைட்ட அணைங்கப்பா, படம் தெரியல” என்று தாய்மாமன் சத்தம் போட்டார். லைட்டெல்லாம் அணைத்துத்தான் இருந்தது. மெஷினை நிறுத்தினேன்.

மணப்பெண்ணே எழுந்து வந்து ஆறுதல் சொன்னது: “மனச விட்றாதீகண்ணே. அடுத்த தடவ பகல்ல எடுங்க, நல்லாத் தெரியும்.”

வெயில் பட்டால் காட்டேரி செத்துவிடும் என்பார்கள்; என் காட்டேரிகள் அருப்புக்கோட்டை வெயிலையே தாங்கின, என்னைத்தான் தாங்கவில்லை.