சவுந்தரம் தண்ணீர் கேட்டாள்

இந்தச் சபையில் என் தொண்டையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. வத்தலக்குண்டு ரூட்டில் பஸ் ஓட்டியவனின் தொண்டை. எண்பத்தேழு வயதிலும் சத்தம் குறையவில்லை. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் எனக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. "ஐயோ, செத்தேன்!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே கூடி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. டியூப் போட்டுப் பை மாட்டினார்கள். கிருமியும் இருக்கிறது என்று ஊசி ஆரம்பித்தார்கள்.

பக்கத்தில் என் மனைவி சவுந்தரம். வயது எண்பத்து நான்கு. "அம்மா, நான் பாத்துக்கிறேன், வீட்டுக்குப் போங்க" என்று மகன் கெஞ்சியும் அவள் நகரவில்லை. என்ன மனுஷி! லெந்து நாட்களில் மாலை ஜெபம் முடியும்வரை அவள் வாயில் சொட்டுத் தண்ணீர் படாது. எனக்காக அந்த உபவாசத்தை இன்னும் கடுமையாகப் பிடித்துக்கொண்டாள். அது ஆண்கள் வார்டு. பெண்களுக்கான கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. அவள் போனாளா வந்தாளா என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் என் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு வலி குறைந்த அன்று காலையில் அவள் என்னைப் பார்த்து, "டிரைவர் அண்ணே, செத்த நிறுத்துங்கண்ணே, இறங்கணும்" என்றாள். விளையாடுகிறாள் என்று சிரித்தேன். மறுபடியும் அதையே சொன்னாள். என்னைத் தெரிந்த அடையாளமே அந்தக் கண்ணில் இல்லை. காய்ச்சல் கிடையாது, ஒரு முனகல்கூடக் கிடையாது.

பார்க்க வந்த சபைப் பெண்கள் கண் கலங்கினார்கள். "அம்மாவுக்குப் பரலோகம் தெரியுது, அதான் இறங்கணும்ங்கறாங்க" என்று சொல்லி, அவளைச் சுற்றி நின்று வழியனுப்பும் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏத்தா, நிறுத்துங்க! அவ எங்கயும் போகல!" என்று கத்தினேன். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, எனக்காகப் பட்டினி கிடந்தவள் இவள். இவளை எனக்குத் திருப்பிக் கொடும். 'ஏங்க' என்று ஒரே ஒரு தரம் கூப்பிட வையும். அவ்வளவுதான் என் ஜெபம்.

என் கூச்சலைக் கேட்டு, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா எங்களிடம் வந்தார். சவுந்தரத்தின் நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார்.

"தாத்தா, உங்க பையில எம்புட்டு இருக்குன்னு எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க. பாட்டி ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. மகனுக்கும் தெரியவில்லை.

சோதித்துப் பார்த்தார்கள். அவளுக்கும் சிறுநீரில் கிருமி.

"ஆம்பளைங்களுக்கு அடைச்சுக்கிட்டா ஊருக்கே தெரிஞ்சிரும். பொம்பளைங்களுக்குக் கிருமி சுலபமா ஏறிரும், வெளியவும் சொல்ல மாட்டாங்க. இந்த வயசுல சில பேருக்குக் காய்ச்சல்கூட வராது, புத்திதான் தடுமாறும்" என்றார் டாக்டரம்மா. உடனே பெண்கள் வார்டில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள்.

நான் பஸ் ஓட்டிய காலத்தில் ஆண்கள் மரத்தைக் கண்டால் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போவார்கள். பெண்கள் பஸ் ஸ்டாண்டு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் சவுந்தரம் ஆயுசு முழுக்க அப்படி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பொறுமைக்கு முன்னால் என் கூச்சலெல்லாம் எம்மாத்திரம்!

குருத்தோலை ஞாயிறன்று மகன் என்னைச் சக்கர நாற்காலியில் அவளிடம் தள்ளிக்கொண்டு போனான். வாசலிலிருந்தே "சவுந்தரம்!" என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க, இம்புட்டுச் சத்தம் எதுக்கு? தண்ணி குடுங்க."

லெந்து இன்னும் முடியவில்லை. ஆனாலும் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள். ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், இந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

பிரியமானவர்களே, அழுது கேட்டால் கர்த்தர் கேட்கிறார், நம்புங்கள். ஜெபித்துவிட்டு, உங்கள் வீட்டு வயதான அம்மாவிடம் தண்ணீர் குடித்தாயா, ஒண்ணுக்குப் போனாயா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். இன்னும் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் முன்வரிசையில் இருக்கிற சவுந்தரம் எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கு ஒண்ணுக்குப் போகணுமாம். சபை நடுவில் தானே சொல்கிறாள், பாருங்கள்! வண்டியை நிறுத்திவிட்டேன், அம்மா. ஆமென்.