மூன்றே முக்கால் மணிக் கோளாறு

பத்து வயதில் நான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மெக்கானிக்காக இருந்தேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. வேறு ஆள் இல்லாததால் அந்தப் பதவி தானாக என் தலையில் விழுந்தது.

அப்போது நாங்கள் செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழில் பாதி உருது, மீதியில் பாதி தெலுங்கு. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஊரில் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு எங்கள் தெருவில் தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. வீட்டிலாவது உண்டா என்றால் அதுவும் சந்தேகம்தான். நான் இங்கிலீஷ் மீடியம்; இரண்டாம் மொழி தெலுங்கு, மூன்றாவது இந்தி. அம்மா தமிழில் கேட்பது புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ராத்திரி சாப்பிடும்போது நானும் அப்பாவும் தெலுங்கில் அரட்டை அடித்துச் சிரிப்போம். சிரிப்பு அடங்கியதும் அம்மா, “என்னவாம்?” என்று கேட்பாள். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரிப்போம்.

எங்கள் தமிழ்ச் சபையில் மாதம் ஒரு மடல் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அம்மாவின் தமிழில் பிழை இருக்காது என்று யாரோ சொல்லி, அதை டைப் அடிக்கும் வேலை அவளிடம் வந்தது. அப்பா உதிரி பாகங்கள் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தார். இரண்டே மாதத்தில் அம்மா மளமளவென்று அடிக்கக் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேர் அவளைத் தேடி வந்து, ஜெபக்குறிப்பு, பிறந்தநாள், திருமண நாள் என்று துண்டுச் சீட்டுகளைக் கையில் திணித்துவிட்டு நின்று பேசினார்கள். வாரம் முழுவதும் அவள் பேசும் தமிழ் அநேகமாக அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு அம்மாவோடு என்ன பகையோ, அடித்து வைத்ததை அடிக்கடி விழுங்கிவிடும். சேமிக்கப் போனால் மணல் கடிகாரம் தோன்றி அப்படியே நின்றுவிடும். சில நாள் கோப்பு இருக்கும், திறந்தால் வெறும் கட்டங்கள். “ஏட்டி, மறுபடியும் போச்சு” என்பாள். நான் பையைப் போட்டுவிட்டு நாற்காலியில் ஏறி உட்காருவேன். ஃப்ளாப்பியில் நேரடியாகச் சேமிக்கக் கூடாது, முதலில் உள்ளே சேமித்துவிட்டுப் பிறகுதான் ஃப்ளாப்பிக்கு நகல் எடுக்க வேண்டும் என்று பள்ளிக்கூட லேபில் கேட்டு வந்து அம்மாவுக்குச் சட்டம் போட்டேன். எழுத்துருவைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். படிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறோமே என்று எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் அது நடந்தது. பண்டிகை மடல் எட்டுப் பக்கம். மறுநாள் காலையில் சபைச் செயலர் அங்கிள் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் பள்ளியிலிருந்து வந்த பிறகு அம்மா கம்ப்யூட்டரைப் போட்டாள், மடல் திறக்கவில்லை. நான்கு முறை முயன்றோம். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “இனி என்கிட்ட குடுக்கமாட்டாவ” என்றாள். பெரியவர்கள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நின்று போகும் கம்ப்யூட்டர் போகிற போக்கில் அரைகுறை நகல்களை ஒரு மூலையில் விட்டுவிட்டுப் போகும் என்று லேபில் கேட்டிருந்தேன். தேடினேன். அலைபோல் வளைந்த ‘~’ குறியில் தொடங்கும் விசித்திரப் பெயர்களோடு பத்துக் கோப்புகள் அகப்பட்டன. பெரிதாக இருந்ததைத் திறந்தேன். மடல்! கடைசி அரைப் பக்கம் மட்டும் இல்லை. அம்மா என்னை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

மீதி ஒன்பதும் சின்னவை. ஒன்றைத் திறந்தேன், அரைப் பக்கத்துக்குத் தமிழ்.

“இதேமிட்டி?” என்றேன். எதைப் பார்த்தாலும் இது என்ன என்று தெலுங்கில் கேட்டு நச்சரிப்பது என் பழக்கம்.

அம்மா திரையைப் பார்த்தாள். “படிச்சியா?” என்றாள்.

எனக்குத் தெரியாதே என்றேன், அதையும் தெலுங்கில்.

“ஆமால்ல” என்று சொல்லிவிட்டு, “அதெல்லாம் குப்பை, அழிச்சிரு” என்றாள். அழித்தேன். ஆனால் நல்ல மெக்கானிக் எதையும் நகல் எடுக்காமல் அழிக்கமாட்டான் என்பது என் கொள்கை. முதலில் எல்லாவற்றையும் என் சொந்த ஃப்ளாப்பியில் போட்டுவைத்தேன்.

அந்த ஒன்பதிலும் ஒரு துப்பு இருந்தது. எல்லாமே வெவ்வேறு நாள். நேரம் மட்டும் மூன்றே முக்காலை ஒட்டியே இருந்தது. மறுநாளிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மானிட்டரின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். திரை அணைந்திருக்கும், முதுகு சுடும். அப்போதுதான் கரண்ட் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததை மகா மெக்கானிக் கவனிக்கவில்லை.

ராத்திரி அப்பாவிடம் அறிக்கை கொடுத்தேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “ஹவ், கரெக்ட்! ஷிஃப்ட் மாறுற டைம் பாரு, வோல்டேஜ் விழும். டென்ஷன் நக்கோ, விடு. யு.பி.எஸ். ஒண்ணு போட்டுடலாம்” என்றார்.

“அதெல்லாம் வேண்டாம்” என்றாள் அம்மா. சிக்கனத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தோம். அந்தச் சனிக்கிழமையே யு.பி.எஸ். வந்து மேஜைக்கு அடியில் உட்கார்ந்தது. கரண்ட் போனாலும் கால் மணி நேரம் தாங்கும் என்று அப்பா விளக்கினார்.

திங்கட்கிழமை பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தேன். உள்ளே யு.பி.எஸ். கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. அம்மா சுவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்விட்ச் அணைந்திருந்தது; திரை அணையவில்லை. அரைப் பக்கத் தமிழ் அதில் பளிச்சென்று நின்றது. அம்மா மறுபடியும் ஸ்விட்சைப் போட்டு அணைத்தாள். பிறகு வந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

நான் குதித்தேன். “சூசாவா அம்மா! பார்த்தாயா, இனிமேல் எதுவும் அழியாது!” என்று தெலுங்கும் இங்கிலீஷுமாகக் கத்தினேன். அவள் இடுப்புக்குப் பக்கமாகக் கையை நுழைத்து, நானே அதைச் சேமித்தும் கொடுத்தேன். அம்மா சிரித்தாள். “கைகால் கழுவிட்டு வாட்டி, பால் தாரேன்” என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அந்தக் கோப்பு இல்லை.

பல வருஷம் கழித்துச் சென்னையில் வேலை கிடைத்தபோது, பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான் தமிழ் படிக்கப் பழகினேன். ஃப்ளாப்பியிலிருந்து இந்தக் கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டர் என்று என்னோடு கூடவே வந்த அந்த ஒன்பது கோப்புகள் ஒருநாள் கண்ணில் பட்டன. திறந்தால் கிறுக்கல். பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்டதும் தமிழாக மாறின. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“பாப்பா, இன்றைக்குச் சந்தையில் எங்கள் ஊர்ச் சாளை மாதிரியே மீன் பார்த்தேன். காலையிலிருந்து உன்னிடம் சொல்ல வைத்திருக்கிறேன். நீ வந்து கேட்டுவிட்டு ‘ஓகே’ என்று மட்டும் சொல்வாய். அதனால் இதில் சொல்லிவிட்டேன். நேற்று நீயும் அப்பாவும் எதற்கு அப்படிச் சிரித்தீர்கள்? பஸ் வந்துவிட்டது.”

ஒன்பதும் எனக்குத்தான். ஒன்பதும் ‘பஸ் வந்துவிட்டது’ என்றுதான் முடிந்திருந்தன. அந்த மூன்றே முக்கால் பஸ்ஸில் வந்தவள் நான். எனக்குத் தெரியாத எழுத்தை என்னிடமிருந்து ஏன் மறைத்தாள் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: பார்த்திருந்தால் இதேமிட்டி என்று கேட்டிருப்பேன். அவள் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டி வந்திருக்கும். ஸ்விட்சை அணைப்பது அதைவிடச் சுலபம். திறந்திருந்த பண்டிகை மடலும் அப்படித்தான் ஒருநாள் போயிருக்கிறது. சேரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கோப்புகூடக் காணாமல் போகவில்லை. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் மானிட்டரின் முதுகு ஜில்லென்று இருக்கும். கோளாறு அடியோடு சரியாகிவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.