ஆறு வாரம் யாரும் சாகக்கூடாது

உப்பளம் பகுதித் தெருக்களில் ஒரு பேச்சு கிளம்பியது. நோணாங்குப்பம் படகுத்துறையில் பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேம்பு, பிணத்துக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற ஆளிடம் கமிஷன் பேசிவிட்டாராம். இல்லாவிட்டால் அந்த மனுஷன் விடிந்ததும் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெருசுகளின் வீட்டுக்கெல்லாம் போய், "ராத்திரி மூச்சு வாங்குச்சா? இருமல் எப்படி?" என்று ஏன் கேட்க வேண்டும்? டீக்கடையில் இதற்குச் சாட்சிகளும் இருந்தார்கள். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் காது கேட்காத சாட்சிகள்.

விசாரித்துப் பார்த்ததில் கமிஷன் எதுவும் இல்லை. ஒரு நாய்தான் இருந்தது.

நாய்க்கு மந்திரி என்று பெயர் வைத்ததே வேம்புதான். முன்பெல்லாம் சோறு விழும் நேரத்துக்கு மட்டும் தொகுதிக்கு வந்து போகும். வேம்புவின் மனைவி இறந்த வருஷம் வாசலில் வந்து படுத்தது. அதன்பின் எழுந்து போகவில்லை. அந்த வீட்டில் அவர் வாய்விட்டுப் பேசுவதென்றால் அதனிடம்தான்.

சனி ஞாயிறுக்கு ஊரையே குடித்துத் தீர்க்க வரும் விருந்தாளி யாரோ உடைத்துப் போட்ட பீர் பாட்டிலில் மந்திரியின் பின்னங்கால் கிழிந்தது. வேம்பு மஞ்சள் அப்பிக் கட்டினார். ரத்தம் நின்றது. மறுநாள் அது நடந்ததைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். விரலில் நிற்க வேண்டிய நாய், அந்த ஒரு காலை மட்டும் மனிதனைப்போலக் குதிகால்வரை தரையில் பதித்து நடந்தது.

கால்நடை டாக்டர் நஸ்லின் ஆபரேஷனை முடித்துவிட்டு வந்து சொன்னாள்: "குதிகாலுக்கு மேல தசைநார் முழுசா அறுந்திருந்துச்சி அங்கிள். ரெண்டு முனையும் பிரிஞ்ச கயிறு மாதிரி. இழுத்துத் தச்சி, கால் மடங்காம மட்டை வெச்சிக் கட்டியிருக்கேன். தையல் சும்மா புடிச்சிக்கத்தான், ஒட்ட வேண்டியது அதுவா ஒட்டணும். ஆறு வாரம் ஓடக்கூடாது, தாவக்கூடாது."

"தாவிட்டா?"

"அறுந்துடும். மறுபடி இழுத்துத் தைக்க அங்க மிச்சம் இருக்காது."

மந்திரிக்கு வேட்டுச் சத்தம் ஆகாது. தீபாவளிக்குச் சுவரேறிக் குதித்து மூன்று தெரு தாண்டிப் போன நாய். தீபாவளிதான் முடிந்துவிட்டதே என்று நிம்மதியாக வேம்பு வீடு வந்த அன்றே அடுத்த தெருவில் ஒரு சாவு. பறையும் வேட்டும் இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் சுடுகாட்டுக்குப் போவதில்லை. முதல் வெடிக்கே மந்திரி உதறியது. வேம்பு அதன்மேல் கவிழ்ந்து, கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஊர்வலம் போன பிறகும் நடுக்கம் நிற்கவில்லை, அவருக்கு.

அன்றுதான் தன் தெருப் பெருசுகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஒருத்தராவது திடமாக இல்லை.

மறுநாளிலிருந்து ஒருவருக்குப் பிரஷர் மாத்திரை, ஒருவருக்குக் கஞ்சி, இன்னொருவருக்காக ஆஸ்பத்திரி வரிசை. ஓட்டுக் கேட்டு வருகிறவன்கூட இப்படி நலம் விசாரித்ததில்லை. தெருவில் யாராவது இருமினால் வேம்புவின் கையில் சோறு அப்படியே நிற்கும்.

அவரை அதிகம் பயமுறுத்தியது பழைய மில் தொழிலாளி சின்னக்கண்ணுவின் நெஞ்சுச் சளி.

"என்னாடா, மூச்சு இருக்கான்னு பாக்க வந்தியா?"

"அப்டிப் பேசாத சித்தப்பா. இந்தா, சுக்குத் தண்ணி."

"மில்ல மூடுனப்ப எட்டிப் பாக்காதவன், என் சளிக்கு ஏன்டா அழுவுற?"

வேம்பு உண்மையைச் சொல்லிவிட்டார். சின்னக்கண்ணு சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியதும் வேம்புவுக்கு முகம் வெளுத்தது.

"அடப்பாவி, நாய் காலுக்காவா என்னிய உசுரோட வெச்சிருக்க? சரி, தாங்குறேன். ஆனா எனக்கு ஊமச் சாவு வேணாம், தெருவே அதிரணும்." கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பட்டாசுச் சரத்தை இழுத்தார். "பேரனுங்க கையில கெடச்சா பொங்கலுக்கே கொளுத்திப்புடுவானுங்க. நீ வெச்சிக்க. நான் கெளம்புறப்ப மொத சரம் நீதான் வெக்கணும். சத்தியம் பண்ணு."

வேம்பு சத்தியம் செய்தார்.

மட்டையைக் கழற்ற ஒரு வாரம் இருக்கும்போது சின்னக்கண்ணு தூக்கத்திலேயே போய்விட்டார்.

வேம்பு ஓடினார். பெரியவரின் மகள் தாமரைச்செல்வி அவரைப் பார்த்ததும் அழுதாள். "அண்ணா, அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு. மொத சரம் நீங்கதான்."

வேட்டு வேண்டாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து சின்னக்கண்ணு அவரையே பார்ப்பது போலிருந்தது. "சரத்த எடுத்துட்டு வந்துடறேம்மா" என்றுதான் வந்தது.

வீட்டில் மந்திரி காதை மடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தது. தெருமுனையில் பறையைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். வேம்பு நஸ்லினுக்கு போன் போட்டார்.

"வேற எங்கியாவது தூக்கிட்டுப் போலாம்னா, ஆட்டோ குலுங்குமே டாக்டரம்மா?"

"தாவுறதுக்குக் குலுங்கறது பரவால்ல அங்கிள். நான் குடுத்த மாத்திரையப் போட்டு, கால நீட்டி மடியில புடிச்சிக்கோங்க."

நோணாங்குப்பம்வரை ஒவ்வொரு குழியிலும் வேம்பு, "மெதுவாப்பா, மெதுவா" என்றார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "யோவ், சாவு ஊர்வலமே இதவிட வேகமாப் போவும்யா."

கட்டிக்கிடந்த படகொன்றில் மந்திரியை மடியில் கிடத்தி, இரண்டு லைஃப் ஜாக்கெட்டை அதன் காதுகளில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். இந்நேரம் சித்தப்பாவைத் தூக்கியிருப்பார்கள். பாலத்தில் ஏதோ லாரிக்கு டயர் வெடித்தது. மந்திரி துள்ளியது. மட்டைக்குள் அந்தக் கால் ஒருமுறை இழுபட்டது அவர் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அறுந்துவிட்டதா? நாய் சொல்லாது. அவிழ்த்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒரு வாரமும் வேம்புவுக்குச் சோறு இறங்கவில்லை.

நஸ்லின் மட்டையைக் கழற்றினாள். மந்திரி தயங்கித் தயங்கிக் காலை ஊன்றியது. குதிகால் தரையைத் தொடவில்லை.

தெருவோ வேறு தீர்ப்பு எழுதிவிட்டது. "தெனம் வந்தவன் சாவுக்கு வரல பாத்தியா? கமிஷன் வாங்கிட்டான்டா!"

தாமரைச்செல்வி அப்படிச் சொல்வதில்லை. குழாயடியில் பார்க்கும்போதெல்லாம், "அண்ணா, அப்பாவுக்கு ஒரு சரம் பாக்கி" என்பாள்.

"மந்திரி கால் இன்னும் கொஞ்சம் ஊனட்டும்மா" என்பார் வேம்பு. பூனையைத் துரத்திக்கொண்டு மந்திரி அப்போதுதான் அவள் வீட்டுச் சுவரைத் தாண்டியிருக்கும்.

சரம் அவர் கட்டிலுக்கடியில், கோணிக்குள் சுருண்டு கிடக்கிறது. மந்திரி அதில் தலை வைத்துத்தான் தூங்குகிறது.