அளக்காமல் கொடுத்த மின்சாரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாரி காலம். திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள என் கணினி திருத்தும் கடைக்கு, அன்புவழிபுரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஓட்டோவில் வந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள். அந்த அம்மாவின் மடியில், துவாயால் சுற்றிய பழைய கணினிப் பெட்டி.

"தம்பி, மகள்ட குரல் இதுக்குள்ள கிடக்கு," என்றார் ஐயா.

எட்டு வயதில் காய்ச்சலில் போன ஒரே பிள்ளை. பாடப் புத்தகத்தை மைக்கில் வாசித்துப் பதிந்து வைத்திருந்தாளாம். வருடாவருடம் நினைவு நாளில் போட்டுக் கேட்பார்கள். வேறு எதிலும் எடுத்து வைக்கத் தெரியவில்லை. இந்த முறை பெட்டி வேலை செய்யவில்லை.

பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையைத் திறந்தேன். மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் இரண்டு கப்பாசிற்றர்கள் வீங்கிப்போயிருந்தன. புதிதாக இரண்டைப் பற்றவைத்தேன். விசிறி சுற்றியது. அம்மா கைகூப்பினார்.

"ஒருக்காக் கேட்டாப் போதும் தம்பி."

பவர் சப்ளையைத் திருத்தினால், ஒவ்வொரு வயரிலும் எத்தனை வோல்ற் வருகிறதென்று மீற்றரில் அளந்த பிறகே மற்றவற்றைக் கொழுவ வேண்டும். பதினைந்து வருடமாக அப்படித்தான் செய்தேன். அன்று செய்யவில்லை. குரல் பதிந்திருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவி சுவிட்சைப் போட்டேன்.

'டப்' என்றொரு சத்தம். டிஸ்க்கிலிருந்து புகை. பிறகு அளந்தேன். பன்னிரண்டு வோல்ற் வரவேண்டிய வயரில் பத்தொன்பது. உள்ளே வேறொரு பழுதும் இருந்திருக்கிறது.

அம்மா எழும்பி ஓடிவந்தார். "கரண்ட் அடிச்சதா தம்பி? கையைக் காட்டுங்கோ."

மூன்று மாதம் அலைந்தேன். அதே வகை டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி இதில் பூட்டினேன். டிஸ்க் சுற்றவில்லை. கொழும்புக்கு அனுப்பினேன். ஏலாதென்று திரும்பி வந்தது. கொண்டுபோய் அவர்கள் வீட்டு மேசையில் வைத்தேன்.

"பழைய சாமான். நீங்கள் என்ன செய்வியள்?" என்றார் ஐயா.

 அம்மா அந்த டிஸ்க்கை எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்தார்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர்கள் கொண்டுவந்தபோது டிஸ்க் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதைக் கழற்றி என் கடைக் கணினியில் கொழுவி, முதலில் குரலைப் பிரதி எடுத்திருக்கலாம். செத்த பெட்டியை அவர்கள் கண்முன்னே எழுப்பிக்காட்ட ஆசைப்பட்டேன். அதைச் சொல்லத்தான் அன்று அந்த வீட்டுக்குப் போனேன், சொல்லாமலே திரும்பினேன். உண்மை தெரியாமல் அவர்கள் தந்த மன்னிப்பு, திட்டித் தீர்த்திருந்தால் வலித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக இன்றும் வலிக்கிறது.