முன்னால் போன புழுதி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டை பிளக்கும் பங்குனி வெயிலில், இருநூறு பேர் கூடி நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிஷ ஜீப் தூரத்தில். நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. பெற்ற பிள்ளை மேல் சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன்.

திண்டுக்கல்லில் எங்கள் ஜீப் கிளப்புக்கு இந்த வருஷத்தோடு இருபது வயசு. தாடிக்கொம்பு தாண்டி வடமதுரைப் பக்கம், தண்ணீர் வற்றிய குளங்களிலும் ஓடைகளிலும் வருஷம் ஒரு தடவை பந்தயம் விடுவோம். வண்டிக்கு ஓர் ஆள். ரெண்டு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்ப வேண்டும். முன்னால் போன வண்டியின் புழுதி அடங்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் அந்த ரெண்டு நிமிஷம். குறைந்த நேரத்தில் முடிக்கிறவருக்குக் கோப்பை.

எங்கள் கிளப்பில் இரண்டாம் நம்பர் கிடையாது. ஒன்று, அடுத்து மூன்று. ராசியில்லை என்பார்கள். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிற ஆட்கள்தானே என்று நானும் காரணம் கேட்டதில்லை. இந்த வருஷம் கோயம்புத்தூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வண்டிகள் வந்திருந்தன. அவர்கள் இரண்டாம் நம்பரை விட்டுவிட்டுப் போட ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டுக் குலுக்கினோம். எனக்கு ஒன்று வந்தது. எங்கள் தலைவர் ஆனந்த்ராஜ் அண்ணனின் மகன் பிராங்க்ளினுக்கு இரண்டு.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மனைவி சுகன்யாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. மகள் தேவதர்ஷினிக்குக் காது குத்தியபோது, "நான் இருக்கேன்ல" என்று பட்டுப்பாவாடையும் சீர்த்தட்டுமாக வந்து நின்றவர் அவர். தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்; நாங்கள் வேறு. அதையெல்லாம் யார் பார்த்தது? வீட்டுக்கு வந்தால் காலிங் பெல் அடிக்க மாட்டார். விரலில் போட்டிருக்கும் தடித்த மோதிரத்தால் கேட்டில் ரெண்டு தட்டு. டக்... டக்... அப்புறம் கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி "வா வா" என்பார். என் மகள் பறந்துகொண்டு ஓடுவாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே மதி, நீ ரெண்டாவதா போ. பிராங்க்ளின் முதல்ல போகட்டும். நம்பரை மாத்திக்குங்க."

"ஏண்ணே?"

"முதல்ல போறவன் தடம் தேடிக்கிட்டுத்தான் போகணும். ரெண்டாவது ஆளுக்கு அவன் டயர் தடம் கெடக்கும். இந்தத் தடவை கப்பு உனக்குத்தான் அப்பு."

பெற்ற மகனை விட்டு எனக்கு விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போன பிறகு சுகன்யாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் 12.02-க்கு பிராங்க்ளின் கிளம்பினான். 12.04-க்கு நான். கொடி அசைக்கும் முன் அண்ணன் என் பக்கம் வந்தார். என் தோளைத் தொட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

குளத்து மண் பொருக்கு வெடித்துக் கிடந்தது. முதல் ஓடையை ஏறி இறங்கியதும் எதிரே புழுதி தெரிந்தது. அடங்கின புழுதி இல்லை. அப்போதுதான் கிளம்பின புதுப்புழுதி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரெண்டு நிமிஷத்தை அதற்குள் பிடித்துவிட்டேன், பிராங்க்ளினை எட்டிவிட்டேன் என்று நினைத்தேன். பந்தயக்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். புழுதிக்குள் ஒரு ஜீப்பின் பின்பக்கம் தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது.

இடது பக்கப் பின் லைட் உடைந்திருந்தது.

பிராங்க்ளின் வண்டி புதிது. காலையில்தான் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். எங்கேயாவது இடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெட்டைப் பனை வந்தது. அங்கே தடம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

முன்னால் போன ஜீப் இடப்பக்கம் திரும்பியது.

செத்த நேரம் தயங்கினேன். தலைவர் மகனுக்குத் தெரியாத வழியா? அப்போது முன்னாலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. வண்டியின் பக்கத் தகட்டில் தட்டியது.

டக்... டக்...

அப்பனைப் போலவே தட்டுகிறான் என்று சிரிப்புக்கூட வந்தது. அந்தக் கை விரல்களை மடக்கி மடக்கி அழைத்தது. நானும் இடப்பக்கம் திரும்பினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. ரெண்டு இன்ஜின் உறுமுகிற இடத்தில், ஹெல்மெட்டுக்குள் இருக்கிற என் காதில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டது?

காது கொடுத்துக் கேட்டேன். ஓடியது ஓர் இன்ஜின்தான்.

என்னுடையது.

ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தேன். விரலில் தூசி ஒட்டவில்லை. இவ்வளவு புழுதிக்குள் வந்திருக்கிறேன்... கண்ணாடி சுத்தமாக இருந்தது. வாயில் மண் கரகரக்கவில்லை.

முன்னால் ஜீப் ஒரு கணம் முழுசாகத் தெரிந்தது.

பச்சை நிறம்.

பிராங்க்ளின் வண்டி சிவப்பு...

டக்... டக்...

பிரேக்கை மிதித்தேன்.

வண்டி வழுக்கியது...

நின்றது.

இன்ஜின் அணைந்தது. மணி 12.09.

புழுதி அடங்கவில்லை. சட்டென்று இல்லாமல் போனது. என் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் தரை முடிந்திருந்தது. கீழே கைவிட்ட கல்குவாரி. அடியில் பச்சைத் தண்ணீர். விளிம்பில் எந்த டயர் தடமும் இல்லை.

அப்போது வேலிக்கருவை நிழலிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். எங்கள் பந்தய ஆம்புலன்ஸ் டிரைவர் ஹாமித். பின்னால் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

"தனியா இம்புட்டு தூரம் ஏண்ணே வந்தீங்க?"

"தனியாவா? முன்னால ஒரு வண்டி போகல?"

"நீங்க மட்டுந்தான் வந்தீங்க."

"நீ எப்படி இங்க?"

"தலைவர்தான் காலையிலயே இங்க நிக்கச் சொன்னாரு."

ஹாமித் தண்ணீர் கொடுத்தார். அண்ணனுக்கு எவ்வளவு முன்யோசனை என்று அந்த நேரத்திலும் எனக்கு மனசு நெகிழ்ந்தது. அவ்வளவு பெரிய ஏமாளி நான்.

மெதுவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு முடிவிடத்துக்கு வந்தேன். சரியான வழியில் போன பிராங்க்ளின் எப்போதோ வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவந்து கட்டிப்பிடித்து அழுதார். அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பெருமாள்சாமி கிளப்பின் பழைய உறுப்பினர், வடமதுரையில் டயர் கடை வைத்திருப்பவர். அவரைத் தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிளப்பின் இருபதாம் ஆண்டு விழா மலரை மடக்கிக் கையில் வைத்திருந்தார். அட்டையில் 'நிறுவனர்' என்று அண்ணன் படம்.

"இந்தக் கிளப்பை ஆரம்பிச்சது இவன் இல்லப்பா. அருள்நாதன்னு ஒருத்தன். மூணாவது வருசம் ரெண்டாம் நம்பர்ல ஓட்டுனான். அந்தக் குழியிலதான் கெடந்தான். புழுதியில வழி தப்பிட்டான்னு முடிச்சாச்சு. அதுக்கப்புறம் ரெண்டாம் நம்பர்ல போன ரெண்டு பேரும் அங்கதான் போய் நின்னாங்க. ஒருத்தனுக்கு இடுப்பு போச்சு. இன்னொருத்தன் இந்தப் பக்கமே வாரதில்ல. அப்ப எடுத்ததுதான் அந்த நம்பரை."

"அப்ப நான் பாத்தது அருள்நாதன் வண்டியா?"

"பச்சைன்னா சொன்ன?"

"ஆமாண்ணே. இடது பக்க லைட் உடைஞ்சிருந்துச்சு."

பெருமாள்சாமி விழா மலரைப் பிரித்து அட்டைப் படத்தைப் பார்த்தார்.

"அருள்நாதன் வண்டி வெள்ளை. பச்சை, லைட் உடைஞ்சது, ஆனந்த்ராஜோடது. அன்னைக்கு முதல் நம்பர்ல முன்னால போனது அவன். அந்த மாசமே அதை வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டுட்டான்."

மேடையில் அண்ணன் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார். உயிரோடு, சிரித்த முகமாக. உயிரோடு இருக்கிறவரின் கை எப்படி அந்தப் புழுதிக்குள் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று ஹாமித்துக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு கேள்வி.

"தலைவர் உன்னை எதுவரைக்கும் அங்க நிக்கச் சொன்னாரு?"

"ரெண்டாம் நம்பர் ரெட்டைப் பனையைத் தாண்டுற வரைக்குந்தாண்ணே. அது தாண்டிருச்சுன்னா ஸ்டார்ட்டிங் பக்கம் வந்துரச் சொன்னாரு."

போன் கையிலேயே இருந்தது. மகனை முதலில் அனுப்பி அந்த நம்பரை எனக்கு மாற்றிவிட்டது, எல்லாம் தெரிந்துதான்.

கேட்டில் சத்தம் கேட்டது.

டக்... டக்...

கம்பிக்கு நடுவே ஒரு கை நீண்டது. விரல்களை மடக்கி மடக்கி அழைத்தது.

"மாமா..." என்று என் மகள் என்னைத் தாண்டி ஓடினாள்.