ஜீப் பூட்டியவரின் பெயர்

சண்டை முடிந்து, வில்பத்துக் காட்டுக்குள்ளால் மன்னார்ப் பாதையைத் திறந்துவிட்ட வருஷம், எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய ஜீப்பை அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டிய மனிதர் நேற்று மவுத்தாகிவிட்டார்.

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது.

நேற்றுக் காலையில் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். மர்ஹூம் சேகு மீரானின் மகன் அப்துல் வஹாப் வபாத்தானார், லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று.

"ஆரோ நமக்குத் தெரியாத ஆள்" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்... இன்னொரு கோப்பையும் கேட்டேன்.

மகள்தான் வந்து சொன்னாள். "வாப்பா, அது நம்மட ஜீப் செஞ்ச அகதிக் காக்கா."

கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை எனக்கு.

தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்களை விரட்டியபோது ஒரு பையோடு வந்து எங்கள் ஆலங்குடாவில் ஓலைக்கொட்டில் போட்டவர். அன்று ஊரே அவர்களை அகதி என்றது, நானும் சொன்னேன். பிறகு அவர் கல்வீடு கட்டினார், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார், பேரப்பிள்ளையும் கண்டார். நான் மட்டும் கூப்பிட்டதை மாற்றவில்லை. அண்ணன் என்கிற மரியாதைக்குக் காக்காவைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

அவர் என்னை ஒருநாளும் "டேய்", "இந்தா" என்றதில்லை. ஜமால்தீன் தம்பி. எப்போதும் முழுசாக.

ஜீப் கதைக்கு வருகிறேன். இறால் பண்ணைக்காரர் கழித்துவிட்டதை, மணலில் வள்ளம் இழுக்க என்று வாங்கிப்போட்டேன். பின் சில்லு மட்டும்தான் சுற்றும். மணலில் விட்டால் இருந்த இடத்திலேயே குழி தோண்டும்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். "தம்பி, முன் சில்லுக்குப் போற ஷாஃப்ட் எங்க?"

"அதுலதான் ஆடு கட்டியிரிக்கி."

இரும்பு நல்லதாக இருக்கிறதே என்று நான்தான் கழற்றி முற்றத்தில் நட்டிருந்தேன். அவர் சிரிக்காமல் போய் ஆட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினார். "இவ்வளவு நாளும் ஃபோர்வீல் ஓடினது ஆடுதான்" என்றார்.

கூலி பேசப் போனேன். வேண்டாம் என்றார். "பூட்டி முடிஞ்சா என்னையும் பொஞ்சாதியையும் ஒருக்கா ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பாதையில வேற வாகனம் போகாது."

கேட்டது அவ்வளவுதான்.

உப்புக்காற்று சேஸியைத் தின்றிருந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார், சத்தம் மாறுகிற இடத்தில் சோக்கால் கோடு போடுவார். அங்கெல்லாம் வெட்டி, புது இரும்பு வைத்து வெல்டிங் பிடித்தார். வேப்பமரத்துக் கிளையில் செயின் புளொக் மாட்டி என்ஜினைத் தூக்கினார். ஸ்பிரிங்குக்குப் பிளேட் கூட்டி வண்டியை உயர்த்தினார். காற்று இழுக்கிற குழாயை ஹூட்டுக்கு மேலே கொண்டுபோய் விட்டார், ஆற்றுத் தண்ணீர் என்ஜினுக்குள் போகாமல்.

ஒருநாள் வாசலில் நின்று வீட்டுக்காரியிடம் சத்தம்போட்டேன். "அகதி வந்திரிக்கி, தேத்தண்ணி ஊத்து."

ஜீப்புக்கு அடியிலிருந்து அவர் குரல்: "சீனியக் குறைக்கச் சொல்லுங்க தம்பி. அகதிக்கு சீனி வருத்தம்."

விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, ஜீப்புக்குக் கீழே இருந்தது...

மழைக்கு முன்பே புறப்பட வேண்டும் என்று இருந்தோம், முடியவில்லை. எழுவன்குளத்தில் கலாஓயா ஆறு, தாழ்வான சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் ஓடிக்கொண்டிருந்தது. நான், என் மச்சான் பாரூக், அவர், அவர் மனைவி. மச்சான் திரும்பிவிடுவோம் என்றான்.

அவர் இறங்கினார். முன் சில்லு இரண்டிலும் இருந்த குமிழைக் கையால் திருகிவிட்டு வந்து ஏறினார். "இப்ப நாலும் இழுக்கும். காலை எடுக்காம ஓட்டுங்க."

லைட் மட்டத்துக்குத் தண்ணீர். ஜீப் ஒருமுறைகூடத் திணறவில்லை.

ஊர் என்று இறங்கினால் காடு. வீடு இருந்த இடத்தில் மரம். கிணறு மட்டும் கண்டுபிடித்தோம். பக்கத்துக் காணியை வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் கத்தியோடு வந்து, "ஆரு நீங்க?" என்றான்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "புத்தளத்தால வாறம். இவரு நம்மட அகதிக் காக்கா."

அவருடைய காணியில் நின்றுகொண்டு.

அந்த ஆள் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. கத்தியைக் கீழே போட்டான். "வஹாப் மாமா எல்லோ... வஹாப் மாமா..." என்று கட்டிப்பிடித்து அழுதான்.

கிணற்றடியில் நின்ற அவர் மனைவி ஜீப் கயிற்றில் வாளியைக் கட்டித் தண்ணீர் இறைத்தார். முதல் வாளியை என் முன்னால் வைத்தார். "குடிங்க காக்கா. இங்க நீங்கதான் அகதி."

குடித்தேன். அதற்கும் சிரித்தேன்.

எழுத்து இல்லாதவனுக்கு ஞாபகம்தான் இருக்கிறது. அந்த ஜீப்பின் நம்பர், அன்று தண்ணீர் இருந்த ருசி, எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும், எல்லாம் இருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் ஒருவன் அழுதுகொண்டு சொன்ன பெயர் மட்டும் நிற்கவில்லை.

நேற்று சந்தூக்குக்குத் தோள் கொடுத்தேன். முன்னால் போனவர்கள் "அகதிக் காக்கா நல்ல மனிசன்" என்றுதான் கதைத்துக்கொண்டு போனார்கள். திருத்த வாய் வரவில்லை. என் வாயிலிருந்து போன சொல்தானே.

படம் தேடினோம். அவர் முகம் உள்ளது எங்களிடம் ஒன்றும் இல்லை. இதற்குக் கீழே மகள் போட்டிருப்பது ஜீப்பின் படம். அடியில் நீட்டிக்கொண்டு இரண்டு கால் தெரியும். அவருடையது.

போய்வாருங்கள் வஹாப் காக்கா. உங்கள் கபுரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

மச்சான் பாரூக் போன நோன்புக்கு முன்பே போய்விட்டான். அந்தப் பயணத்தில் வந்தவர்களில் என்னைத் தவிர மிச்சம் இருப்பது ஒருவர்தான். கணவர் மவுத்தானதற்கு வீட்டோடு இத்தா இருக்கிறார், நான் போய் முகம் பார்த்துக் கதைக்க முடியாது. மகளை அனுப்பி அவர் பெயரைக் கேட்டுவரச் சொன்னேன்.

சித்தி ரஹீமா.